ஆள்மேல் தாவும் நாய்க்குட்டி

நாய்க்குட்டி ஆள்மேல் தாவுவது அடங்காத்தனம் அல்ல, வரவேற்பு. வேட்டைக்குப் போய்த் திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயைக் குட்டிகள் நக்கும். பெரியவை வயிற்றில் கொண்டுவந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். வாயருகே முகர்ந்து நக்கும் அந்தப் பழக்கம் நாய்களிடமும் தங்கியிருக்கிறது. மனிதரின் முகமோ உயரத்தில் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டி அதை எட்ட வேண்டுமென்றால் தாவத்தான் வேண்டும்.

இந்தப் பழக்கத்தை ஊன்றச் செய்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே. முழங்காலைப் பற்றி நிற்கும் குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். ஓராண்டு கழித்து 30 கிலோ லாப்ரடாராக வளர்ந்து, அதே அன்போடு அது தாவும்போது பாட்டி நிலைதடுமாறி விழுகிறார். நாய்க்கு அடி கிடைக்கிறது. நேற்றுவரை கொஞ்சலுக்குரியதாக இருந்த செயல் இன்று குற்றமானது ஏன் என்று அதற்கு விளங்குவதில்லை. இது அநியாயம்.

இனிய விளைவைத் தரும் செயலை விலங்கு திரும்பவும் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்து 1898இல் எழுதினார். குட்டிக்கு இனிய விளைவு என்பது தீனி மட்டும் அல்ல. திரும்பிப் பார்ப்பதும் "ஏய், இறங்கு" என்று கத்துவதும் அதற்குக் கவனிப்புதான். கையால் தள்ளினால் விளையாட்டு தொடங்கிவிட்டது என்றே பல குட்டிகள் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே தாவினால் எதுவும் கிடைக்கக் கூடாது. பேசாமல், பார்க்காமல், கைகளை மடக்கிக்கொண்டு முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். நான்கு கால்களும் தரையில் பட்ட அதே நொடியில் குனிந்து தடவிக்கொடுக்க வேண்டும். பலரும் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். தாவாமல் இருக்கச் சொன்னால் மட்டும் போதாது, வேறு என்ன செய்வது என்று குட்டிக்குத் தெரிய வேண்டும். அதற்கு உட்காரப் பழக்குவதே நல்ல வழி; உட்கார்ந்திருக்கும் நாயால் தாவ முடியாது. வேகவைத்த கோழியில் பட்டாணி அளவுத் துண்டை அதன் மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்குமேல் பின்னோக்கி நகர்த்தினால் பின்புறம் தானாகத் தாழும். "சிட்" என்று சொல்லி, தீனியைத் தாழ்வாகவே கொடுக்க வேண்டும். உயரத்தில் நீட்டிய கை மறுபடியும் தாவத்தான் தூண்டும்.

கவனிப்பை நிறுத்திய முதல் சில நாட்களில் குட்டி முன்னைவிட வேகமாகத் தாவும், குரைக்கும், துணியைப் பிடித்து இழுக்கும். முன்பு பலித்த வழி பலிக்காததால் அது இன்னும் பலமாக முயல்கிறது. பயிற்சி பெரும்பாலும் உடைவது இங்கேதான். பொறுமை இழந்து ஒருமுறை கொஞ்சிவிட்டால், விடாமல் முயன்றால் கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம் எளிதில் அழியாது என்பதை பி. எஃப். ஸ்கின்னரின் எலி, புறா ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. அம்மா விலக்கும்போது அப்பா மடியில் ஏற்றிக்கொள்ளும் வீட்டில் குட்டி ஒருநாளும் திருந்தாது.

விருந்தினர் வரும்போது குட்டியின் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி, அவரை எட்டாத தூரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். குட்டி உட்கார்ந்தால் அவர் நெருங்கலாம். எழுந்து துள்ளினால் ஓரடி பின்வாங்கலாம். பண்டிகை நாளின் கூட்டத்தில் இதற்கு நேரம் இராது. அன்று வேறு அறையில் விடுவது நல்லது. ஓடும் குழந்தைகள் நாயின் துள்ளலை வளர்ப்பார்கள். அசையாமல் கைகட்டி நிற்க அவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். அருகில் பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

முழங்காலால் நெஞ்சில் இடிப்பது, பின்னங்காலை மிதிப்பது போன்ற பழைய முறைகளை அறவே கைவிட வேண்டும். அவை காயப்படுத்தும்; ஆள் வந்தாலே அஞ்சி உறுமும் நாயை உருவாக்கும்.

தாவும்போது நகம் கீறுவது வழக்கம். குட்டிக்கு மூன்று மாதமானதும் ரேபீஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கீறல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.