குதிரைக் கொட்டிலில் ஒரு நாள்

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் இலர். நம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின என்பதை அறிந்த மாணவர் சிலரே. 1896இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் திடல் அங்கேதான் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்கு மாறிற்று. வென்ற குதிரையின் பெயர் நாளிதழில் வந்தது. அதனைப் பேணியவரின் பெயர் வரவில்லை. 'சைஸ்' எனப்பட்ட அப்பணியாளருள் தமிழர் பலர் இருந்தனர். அவர்தம் அன்றாடப் பணியை இங்குக் காண்போம்.

தோட்டத்தில் பெரட்டுக்கு எழுவது போலவே, கொட்டிலிலும் வேலை இருளிலேயே தொடங்கும். வெயில் ஏறுமுன் ஓட்டப் பயிற்சி முடிதல் வேண்டும்.

சைஸ் முதலில் தீவனத் தொட்டியை நோக்குவார். இரவில் வைத்தது மிஞ்சியிருந்தால் குதிரைக்கு நலமில்லை என்று ஐயுறுவார். பின்னர் நான்கு கால்களையும் தடவிப் பார்ப்பார். சூடோ வீக்கமோ இருப்பின் அன்று ஓட்டமில்லை. அடுத்துக் குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் ஒட்டிய சாணத்தையும் கல்லையும் கொக்கியால் எடுப்பார். ஈரமும் அழுக்கும் தங்கினால் குளம்பு அழுகிவிடும். அதன்பின் உடலைத் தேய்த்துத் துடைத்துச் சேணம் பூட்டுவார்.

பயிற்சி முடிந்து வியர்வையுடன் திரும்பும் குதிரையை உடனே கட்டிவிடலாகாது. மெல்ல நடத்தி, நீரூற்றிக் கழுவி, வெப்பம் தணிந்த பின்னரே கொட்டிலில் விடுதல் வேண்டும். அங்கே நனைந்த படுக்கையை அகற்றி, மரத்தூளோ வைக்கோலோ புதிதாகப் பரப்புவர்.

தீவனம் இடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை ஏறத்தாழ 15 லிட்டரே கொள்ளும். மேலும், குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஒரே வேளையில் தானியத்தை மிகுதியாக உண்டால் கடும் வயிற்றுவலி கண்டு இறக்கவும் கூடும். ஆகவே சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டுவர். உலர்ந்த புல் நாளொன்றுக்கு 7 முதல் 10 கிலோ வரை தேவைப்படும். நீரோ 30 லிட்டருக்கு மேலும் செல்லும். தீபாவளியன்றும் குதிரைக்குப் பசிக்குமாதலால், சைஸுக்கு முழு விடுப்பு என்பது அரிது.

இப்பணியின் அருமையை வரலாறும் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர்கள் கடல் கடந்து ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், பேணத் தெரிந்தோர் இன்மையால் அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததையும் எழுதியுள்ளார். பொன்னால் குதிரையை வாங்கலாம். அதன் உயிரைக் காப்பது பழகிய கைகளே.

பந்தயத்தில் பணம் கட்டிக் கெட்ட குடும்பங்கள் உண்டு. அவ்வழியை நாம் நாடவேண்டா. ஆனால் அதே திடலில் வியர்வை சிந்தி உழைத்து, தம் மக்களைப் படிக்கவைத்தவர்களை நாம் மறத்தலும் ஆகாது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. கொட்டில்கள் குறையக் குறைய, அவற்றில் உழைத்தோர் நினைவும் மங்கும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டனாரோ உறவினரோ குதிரை பேணியவராயின், அருகமர்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். நாளிதழில் வராத பெயர் நம் ஏட்டிலாவது நிலைக்கட்டும்.