தோட்டத்துத் திறந்தவெளிக்கு ஏற்ற ஒலிபெருக்கி



ஆடி மாதம் நெருங்கினால் தோட்டத்துக் கோவில்களில் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். பந்தலுக்கு இவ்வளவு, அன்னதானத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வரும்போது, ஒலிபெருக்கிக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா? பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா? ஒருவர் "ஆயிரம் வாட்" என்பார். மற்றொருவர் "இரண்டாயிரம் வாட் இருந்தால்தான் எடுபடும்" என்பார். கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னதே முடிவாகிவிடும்.

அந்தப் பணம் வீட்டுக்கு வீடு தண்டிய பணம். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் சேர்த்த சம்பளத்திலிருந்து வந்த பணம். ஆகவே, திறந்தவெளியில் பாட்டும் பஜனையும் நடத்த எப்படிப்பட்ட கருவி வேண்டும், அதை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று இன்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். மண்டபத்துக்குள் பாடினால் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. கோவில் முற்றத்தில் சுவர் இல்லை. விளக்கிலிருந்து வெளிச்சம் பரவுவதுபோல் ஒலி நாலா பக்கமும் பரவி மெலிந்து போகிறது. ஒலியின் அளவை டெசிபல் என்ற கணக்கில் சொல்வார்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபல் இருந்தால், 2 மீட்டரில் 104, 4 மீட்டரில் 98, 8 மீட்டரில் 92, 16 மீட்டரில் 86 என்று இறங்கிக்கொண்டே போகும்.

இனி வாட்டைப் பார்ப்போம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. 6 டெசிபல் கூட வேண்டுமானால் வாட்டை நான்கு மடங்காக்க வேண்டும். அதாவது, 16 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 8 மீட்டரில் நிற்பவர் கேட்பதுபோல் கேட்க வேண்டுமானால், 100 வாட் பெட்டிக்குப் பதில் 400 வாட் பெட்டி வாங்க வேண்டும். அல்லது, பெட்டியை அவருக்கு 8 மீட்டர் கிட்டே கொண்டுபோய் வைக்க வேண்டும். முதல் வழிக்குப் பணம் வேண்டும். இரண்டாவது வழிக்கு ஒரு நீளமான வயர் போதும். இன்றைய பேச்சின் சாரமே இதுதான்: பணம் கொடுத்து வாட்டைக் கூட்டுவதற்கு முன்னால் தூரத்தைக் குறைக்கப் பார்ப்போம்.

தூரத்தைக் குறைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வாய்க்கும் மைக்குக்கும் இடையே. மற்றொன்று பெட்டிக்கும் காதுக்கும் இடையே.

மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாடும் பிள்ளை, அதை அரைச் சாணுக்குக் கொண்டுவந்தால் மைக்குக்குள் போகும் குரல் 6 டெசிபல் கூடும். நான்கு மடங்கு வாட்டின் பலன் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. அதோடு ஊளைச் சத்தமும் குறையும். பெட்டியின் ஒலி திரும்ப மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதால்தான் அந்த ஊளை எழுகிறது. பெட்டிகளை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிக்கக் கூடாது. ஊளை கேட்டவுடன் பலர் பயந்து மைக்கைக் கையால் பொத்துகிறார்கள். அப்போது ஊளை கூடுகிறதே தவிர குறைவதில்லை.

அடுத்து, பெட்டியைத் தரையில் வைத்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் உடம்பே ஒலியைத் தடுத்துவிடும். குறிப்பாகச் சொற்களைத் தெளிவாக்கும் மெல்லிய ஒலிகள் அங்கேயே நின்றுவிடும். பெட்டியைத் தாங்கியில் ஏற்றி, தலைக்கு மேலே ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கி வைத்தால் பின்வரிசைக்கும் கேட்கும். முன்வரிசையின் காதும் தப்பிக்கும். காற்றுக்குச் சாயாமல் தாங்கியின் கால்களில் மணல் மூட்டை வைத்துக் கட்டுவது அவசியம்.

கூட்டம் நீளமாக இருந்தால் நடுவில் இன்னொரு பெட்டி வைக்கலாம். ஆனால், நம் நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் போகிறது. முன்பெட்டிக்கும் நடுப்பெட்டிக்கும் 17 மீட்டர் இடைவெளி இருந்தால் ஒரே சொல் நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தி இரண்டாம் முறை கேட்கத் தொடங்கும். இடைவெளியை 10 மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் இந்த இரட்டைக் குரல் தொந்தரவு கொடுக்காது.

சரி, கடைக்குப் போவோம். முதல் செலவு எதற்கு? மைக்குக்குத்தான். கெட்ட மைக்கில் போன குரலை எந்தப் பெட்டியாலும் நல்ல குரலாக்க முடியாது. திறந்தவெளிக்கு டைனமிக் வகை மைக் போதும். அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம். கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. எதிரே உள்ள குரலை அதிகமாகவும் பின்னால் உள்ள ஒலியைக் குறைவாகவும் வாங்கும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ஷூர் எஸ்.எம்.58 என்ற மைக் இந்த வகைதான். அதன் எடை 300 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இன்றும் மேடைகளில் அது இருக்கிறது. அதே பெயரில் போலியும் விற்கப்படுவதால் நம்பிக்கையான கடையில் வாங்க வேண்டும். அதைவிட விலை குறைந்த வேறு நல்ல மைக்குகளும் உண்டு.

எத்தனை மைக் வேண்டும்? நாதஸ்வரம், தவில், உறுமி ஆகியவை திறந்தவெளிக்கென்றே அமைந்த கருவிகள். கோவில் முற்றத்தில் அவற்றுக்கு மைக் தேவையில்லை. பாடும் குரல், ஆர்மோனியம், வயலின், புல்லாங்குழல் ஆகியவற்றுக்குத்தான் வேண்டும். பஜனைக் குழு ஒன்றுக்கு மூன்று மைக்கும் அவற்றை ஒன்றுசேர்க்கும் ஒரு சின்ன மிக்சரும் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது செலவு பெட்டி. பெட்டியின் மேலே கொட்டை எழுத்தில் 3000 வாட் என்று போட்டிருப்பார்கள். பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தால் அந்த எண்ணை மறந்துவிட வேண்டும். அது கண நேரத்துக்குக்கூட நம்ப முடியாத விளம்பர எண். ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் தரும் என்பது. இதைப் பெட்டியின் உணர்திறன் என்பார்கள். 90 டெசிபல் தரும் பெட்டிக்கு 40 வாட் கொடுத்து வரும் ஒலியை, 96 டெசிபல் தரும் பெட்டி 10 வாட்டிலேயே தந்துவிடும். பழைய கோவில்களில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி கொஞ்சம் வாட்டிலேயே அடுத்த தோட்டம்வரை கேட்டதற்கும் இந்த உணர்திறனே காரணம். அறிவிப்புக்கு அது இன்றும் நல்லது. பாட்டுக்கு ஆகாது, கனமான சுரங்கள் அதில் வருவதில்லை.

மூன்றாவது, எடை. முன்பு பெரிய மரப்பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆம்ப்ளிபையரைத் தூக்க இன்னொருவர் வேண்டும். இன்று எடை குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. பழைய ஆம்ப்ளிபையர் வாங்கிய மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைச் சூடாக்கி வீணடித்தது. அந்தச் சூட்டை வெளியேற்றக் கனமான அலுமினியத் தகடுகள் தேவைப்பட்டன. இன்றைய 'டி' வகை ஆம்ப்ளிபையர் பத்தில் ஒன்பது பங்குவரை ஒலிக்கே கொடுக்கிறது. மரத்தின் இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவான நியோடிமியம் காந்தம், சிறிய அளவிலேயே பழைய பெரிய காந்தத்தின் வேலையைச் செய்கிறது. விலை குறைந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அது இருக்காது, கேட்டுப் பார்க்கலாம். ஆம்ப்ளிபையரும் மின்கலமும் உள்ளேயே அமைந்த 7, 8 கிலோ பெட்டிகள் இன்று கிடைக்கின்றன.

எடைக்கு நாம் சொல்லும் அளவுகோல் எளியது. பஜனைக் குழுவில் உள்ள ஒரு பெண் தனியாகத் தூக்கி வேனில் வைக்க முடிய வேண்டும். ஆண்பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், பெட்டியைத் தூக்க ஆள் இல்லை என்று வெள்ளிக்கிழமை பஜனை மைக் இல்லாமல் நடக்க வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டாலும், திருவிழாவுக்குப் பழைய கோவிலுக்கே திரும்பி வரும் குழுக்களுக்கும் இலேசான பெட்டியே உதவும்.

அதிரும் கன ஒலிக்கென்று தனியாக விற்கும் பெரிய பெட்டி வேண்டுமா? எடையும் விலையும் அதில்தான் ஏறுகின்றன. தவிலும் உறுமியும் அந்த வேலையைத் தாமே செய்யும்போது அது தேவையில்லை.

நான்காவது, மின்சாரம். இதில் உயிர் அடங்கியிருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மழை பெய்து ஈரமான தரையில், வெறுங்காலோடு, உலோக மைக்கைப் பிடித்து நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். செருகியின் மூன்றாவது முளை மின்கசிவைத் தரைக்கு அனுப்புவதற்காக உள்ளது. அதை வெட்டிவிட்டோ, குச்சியால் துளையைத் திறந்து இரண்டு முளைச் செருகியை நுழைத்தோ பயன்படுத்தக் கூடாது. 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் வழியாகத்தான் மேடைக்கு வயர் போக வேண்டும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை நிகழ்ச்சிக்கு முன்னால் அழுத்திப் பார்க்க வேண்டும். சார்ஜர், எக்ஸ்டென்ஷன் வயர் ஆகியவற்றில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம்.

மின்கலத்தில் ஓடும் பெட்டிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுவந்தால் மேடையில் 230 வோல்ட்டே இல்லை. எத்தனை நேரம் ஓடும் என்று கணக்குப் பார்ப்பதும் எளிது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் 84 வாட்-மணி. ஈய வகையானால் எடை இரண்டரைக் கிலோவை ஒட்டி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெடும். ஆகவே கைக்கு வருவது 42 வாட்-மணி. பாட்டில் ஒலி ஏறி இறங்குவதால், 100 வாட் பெட்டி சராசரியாக எட்டில் ஒரு பங்கு வாட்டைத்தான் வெளியிடும். மற்ற செலவையும் சேர்த்து 20 வாட் என்று வைத்தால் இரண்டு மணி நேரம் ஓடும். லித்தியம் வகையானால் அதே சக்திக்கு எடை பாதிக்கும் கீழே, விலை கூடுதல்.

புளூடூத் வழியாகப் பாட்டுப் போடலாம். ஆனால், நேரில் பாடும் குரலை அதன் வழியாக அனுப்பக் கூடாது. பெரும்பாலும் குரல் பிந்தி வந்து தாளம் கெடும். வயரே நல்லது.

ஐந்தாவது, சோதனை. கடைக்காரர் குளிர்சாதன அறைக்குள் சினிமாப் பாட்டைப் போட்டு அதிரவைப்பார். அதைப் பார்த்து வாங்கக் கூடாது. பெட்டியைக் கடைக்குப் பின்புறம் திறந்தவெளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மைக்கில் ஒருவர் கடை, படை, தடை, சடை, நடை என்று ஒலிப்பில் நெருங்கிய 20 சொற்களை முன்பின்னாக மாற்றிச் சொல்லட்டும். 16 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளை அவற்றை எழுதட்டும். பள்ளியில் நாம் வைக்கும் சொல்வதெழுதுதல்தான். 18 சொல்லாவது சரியாக வந்தால் அந்தப் பெட்டி தேறியது என்போம். சத்தம் பெரிதாக வந்து சொல் புரியவில்லை என்றால், எவ்வளவு மலிவானாலும் நமக்கு வேண்டாம்.

வாடகையா, சொந்தமா என்பதற்கும் கணக்குத்தான் விடை. ஓர் இரவு வாடகை 300 ரிங்கிட், ஆண்டில் நான்கு நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டில் 3600 ரிங்கிட். அதற்குள் அடங்கும் கருவி மூன்றாண்டுக்கு மேல் உழைக்கும் என்றால் வாங்கலாம். ஆண்டுக்கு ஒரே திருவிழா என்றால் வாடகையே மேல். கோவிலும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பக்கத்துத் தோட்டமும் கூட்டாக வாங்கினால் பங்கு குறையும். ஆனால், யார் பொறுப்பில் இருக்கும், யார் சார்ஜ் செய்வார், வயர் அறுந்தால் யார் மாற்றுவார் என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

கடைசியாகக் காதைப் பற்றி. 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடந்தான். பிள்ளைகள் பெட்டிக்கு அருகில் நின்று ஆடுவதைப் பெரியவர்கள் தடுக்க வேண்டும். கெட்ட காது நரம்பு திரும்ப வளராது. விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் லயத்தில் உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பெட்டி கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும்; லயத்தைப் பார்த்து வேண்டாம்.

நேயர்களே, நம் தோட்டங்களில் பாடத் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். மேடை ஏறியதும் குரல் தாழ்ந்துபோகும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பாடும் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசையில் நிற்கும் தாய்க்குப் புரிய வேண்டும். அதற்கு ஒரு நல்ல மைக்கும், தாங்கியில் ஏற்றிய இரண்டு இலேசான பெட்டிகளும், பாதுகாப்பான மின்சாரமும் போதும். அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கிப் பேச்சு வரும்போது, முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்து மேடையிலிருந்து கடைசி வரிசைவரை அளந்து பாருங்கள். எத்தனை மீட்டர் என்று தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம்.

வணக்கம்.