மரணத்தை உறுதி செய்வது ஏன் கடினம்? அந்தமான் உணர்த்தும் பாடங்கள்

ஒருவர் இறந்துவிட்டார் என மருத்துவர் அறிவிப்பது எளிய பணியாகத் தோன்றலாம். ஆனால், மிகுந்த நிதானம் தேவைப்படும் முடிவு அது. உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதே இறப்பு என்கிறது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம். அந்த ‘நிரந்தரத்தை’ உறுதி செய்வதில்தான் சிக்கல் எழுகிறது.

பரிசோதனைகள் என்ன?

நாடித்துடிப்பு, இதய ஒலி, சுவாசம் ஆகியவை உள்ளனவா, ஒளி பட்டதும் கண்பாவை சுருங்குகிறதா என்பன ஆராயப்படுகின்றன. குறைந்தது 5 நிமிடங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்கின்றன பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல்கள். எனினும், உடல் வெப்பம் மிகவும் குறைந்தவர்களிடமும், தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களிடமும் உயிரின் அறிகுறிகள் புலப்படாமல் போகலாம்.

உத்தரப் பிரதேச மாநிலம் மொராதாபாதில் 2021 நவம்பரில், விபத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்டவர் சுமார் 7 மணி நேரம் பிணவறைக் குளிர்ப்பெட்டியில் இருந்த பின்னர், உயிருடன் இருப்பது தெரியவந்தது. சில நாள்களில் அவர் உயிரிழந்தார்.

ஏமாற்றும் நஞ்சு

அந்தமானுக்கே உரிய கட்டுவிரியன் இனம் ஒன்று அத்தீவுகளில் உள்ளது. பொதுவாகக் கட்டுவிரியன் நஞ்சு, நரம்புகளிலிருந்து தசைகளுக்குச் செல்லும் சமிக்ஞைகளைத் தடுக்கிறது. கண்பாவை விரிந்து, சுவாசம் நின்று, கடிபட்டவர் மூளைச்சாவு அடைந்தவர்போலத் தோற்றமளிக்கலாம். ஆனால், அத்தகையோர் வென்டிலேட்டர் சிகிச்சையால் முழுமையாக மீண்டதுண்டு.

இதனால்தான், நஞ்சு போன்ற காரணங்கள் இல்லை என்பதை உறுதி செய்த பின்னரே மூளைச்சாவுப் பரிசோதனை தொடங்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ், 4 மருத்துவர்கள் அடங்கிய குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும்.

உடலே கிடைக்காதபோது...

2004 டிசம்பர் 26-இல் ஏற்பட்ட சுனாமியின்போது, நிக்கோபார் தீவுகளில் உடல் மீட்கப்பட்டவர்களைவிடக் காணாமற்போனவர்களே அதிகம். பரிசோதிக்க உடல் இல்லாத நிலையில், மருத்துவர் சான்றளிக்க இயலாது. பொதுவாக, 7 ஆண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராகச் சட்டம் கருதும். அதுவரை காத்திருந்தால் குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைக்காது என்பதால், சுனாமியில் காணாமற்போனோருக்கு உரிய விசாரணைக்குப் பின் இறப்புச் சான்றிதழ் வழங்கச் சிறப்பு நடைமுறை பின்பற்றப்பட்டது.

அவசரப்பட்டால் ஓர் உயிர் பறிபோகலாம். தாமதித்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம் முடங்கலாம். இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஒவ்வொரு மரணமும் உறுதி செய்யப்படுகிறது.