பெயர் முன்னே, முகவரி பின்னே

சி மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல், திரையில் ஒரு வரியை அச்சிட ‘பிரிண்ட்எஃப்’ என்ற செயற்கூற்றை அழைக்கிறது. அச்சிடும் வேலையைச் செய்யும் கட்டளைகள் அந்த நிரலில் இல்லை. சி மொழிக்கான பொது லைப்ரரியில் இருக்கின்றன. கம்பைலர் அந்த இடத்தில் பெயரை மட்டும் குறித்துவிட்டு மேலே போய்விடுகிறது. பெயருக்குரிய நினைவக முகவரியைத் தேடிப் பொருத்தும் வேலைதான் லிங்கிங், அதாவது இணைத்தல்.

நிரலைத் தயாரிக்கும்போதே லைப்ரரியின் பகுதியை நகலெடுத்து உள்ளே வைத்துவிட்டால் அது நிலை இணைப்பு. கோப்பு எங்கே போனாலும் தானே ஓடும். ஆனால் நூறு நிரல்கள் இருந்தால் அதே லைப்ரரிக்கு நூறு நகல்கள். நிரல் ஓடத் தொடங்கிய பிறகு இணைப்பது இயங்குநேர இணைப்பு. லைப்ரரியின் கட்டளைகள் நினைவகத்தில் ஒரே ஒரு முறை ஏறும். எல்லா நிரல்களும் அதையே பகிர்ந்துகொள்ளும். 1960களில் எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது. யூனிக்ஸ் உலகம் நெடுங்காலம் இது இல்லாமலே காலம் தள்ளியது. சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0, 1988இல் கொண்டுவந்த வடிவம்தான் இன்றைய லினக்ஸ் முறைக்கு முன்னோடி.

லினக்ஸில் இயங்குநேர இணைப்பு தேவைப்படும் ஒரு நிரலைத் தொடங்கியதும் கட்டுப்பாடு நேராக அந்த நிரலுக்குப் போவதில்லை. முதலில் இயங்குநேர லிங்கர் எழுகிறது. எந்தெந்த லைப்ரரிகள் தேவை, அந்த லைப்ரரிகளுக்கு வேறு எவை தேவை என்று பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. பாதுகாப்புக்காக இவை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரியில் உட்காரும். ஆகவே முகவரியைக் கட்டளைக்குள் எழுதி வைக்க முடியாது. அதற்கென்று ஓர் அட்டவணை உண்டு.

பிரிண்ட்எஃப்பை முதல் முறை அழைக்கும்போது அட்டவணையில் உண்மையான முகவரி இருக்காது. அங்கிருந்து லிங்கருக்குத் திருப்பிவிடப்படும். லிங்கர், ஏற்றிய லைப்ரரிகளில் வரிசையாகப் பெயரைத் தேடி, கிடைத்த முகவரியை அட்டவணையில் எழுதிவிட்டு அந்தச் செயற்கூற்றை ஓடவிடும். இரண்டாவது அழைப்பிலிருந்து தேடல் இல்லை. அழைக்கப்படாத செயற்கூறுகளுக்குத் தேடும் செலவே இல்லை என்பது இந்தச் சோம்பல் முறையின் லாபம். ஆனால் அட்டவணை எப்போதும் எழுதத் திறந்திருக்க வேண்டும். ஊடுருவுகிறவர் அதில் வேறு முகவரியை எழுதிவிடலாம். அதனால் பல லினக்ஸ் வெளியீடுகள் இப்போது எல்லாப் பெயர்களையும் தொடக்கத்திலேயே தேடி முடித்து, அட்டவணையைப் பூட்டிவிடுகின்றன. தொடக்கம் சற்றுத் தாமதமாகும், பரவாயில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலே ஒரு கூற்றைக் கேட்டு வாங்கவும் முடியும். யூனிக்ஸ் வகைகளில் ‘டிஎல்ஓப்பன்’ கோப்பை ஏற்றும், ‘டிஎல்சிம்’ பெயருக்கு முகவரி தரும். விண்டோஸில் ‘லோடு லைப்ரரி’யும் ‘கெட்பிராக் அட்ரஸ்’ஸும் அதே வேலையைச் செய்கின்றன. அப்பாச்சி வலைச் சேவையகம் தன் கூறுகளைச் சேர்ப்பது இப்படித்தான். கிடைப்பது வெறும் முகவரி. அந்தச் செயற்கூறு இரண்டு எண்களை எதிர்பார்க்கிறதா, மூன்றையா என்று சரிபார்க்க யாரும் இல்லை. தவறாக அழைத்தால் நிரல் விழக்கூடும்.

பெரிய தலைவலி பதிப்புகள். நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் ‘மெம்காப்பி’யின் கதை நல்ல உதாரணம். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது அதன் விதி. விதியை மீறினாலும் பழைய லைப்ரரி பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. 2010இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டுடன் வந்த புதிய குனு சி லைப்ரரி, வேகத்துக்காகச் சில பிராசசர்களில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கத் தொடங்கியது. உடனே 64 பிட் ஃபிளாஷ் பிளேயரில் ஒலி சிதைந்தது. ஃபிளாஷ் கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. தவறு யாருடையது என்ற சண்டையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் இறங்கினார்; பயனருக்குப் பாட்டு கெட்டால் விதியைக் காட்டிப் பயனில்லை என்பது அவர் கட்சி. அது நியாயமான கட்சிதான். கடைசியில் மெம்காப்பி என்ற ஒரே பெயருக்கு இரண்டு பதிப்புக் குறிகள் வந்தன. 2.14 என்ற குறியைக் கேட்கும் புதிய நிரலுக்குப் புதியது, 2.2.5 என்று கேட்கும் பழைய நிரலுக்குப் பழைய, பொறுமையான நடத்தை.

அதே பகிர்வு 2014 ஏப்ரலில் கைகொடுத்தது. இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த ஒரு லைப்ரரியைப் புதுப்பித்ததில் அதைப் பகிர்ந்த வலை, மின்னஞ்சல் சேவையகங்கள் எல்லாவற்றுக்கும் திருத்தம் கிடைத்தது. நிலை இணைப்பில் தயாரான நிரல்களை ஒவ்வொன்றாக மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் லைப்ரரிக் கோப்பை மாற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நினைவகத்தில் பழைய நகலையே பிடித்துக்கொண்டிருக்கும். லைப்ரரியைப் புதுப்பித்த பிறகு அந்த நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கும்வரை ஓட்டை அடைபடாது.