'ரிஃப்ரெஷ்' ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? பவர் குவெரியை வேகப்படுத்தும் வழிகள்



தேர்வு முடிந்து புள்ளிப் பகுப்பாய்வு செய்யும் வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லா வகுப்புக் கோப்புகளையும் எக்செலின் பவர் குவெரியில் இணைத்து, 'ரிஃப்ரெஷ்' அழுத்திவிட்டுக் காத்திருப்போம். வட்டம் சுற்றும், சுற்றிக்கிட்டே இருக்கும். சென்ற ஆண்டு நான் பொறுமை இழந்து பாதியில் நிறுத்திவிட்டு, பழைய அட்டவணையையே அச்சிட்டுக் கூட்டத்திற்குக் கொண்டுபோனேன். சிறப்பு வகுப்புப் பட்டியலில் இரண்டு மாணவர்கள் விடுபட்டது பிறகுதான் தெரிந்தது. 'கணினி மெதுவா இருந்துச்சு' என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? அதன் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒவ்வொரு 'ரிஃப்ரெஷ்'ஷிலும் பவர் குவெரி மூலக் கோப்புக்கே போய், நீங்கள் அமைத்த படிகளை முதலிலிருந்து செய்கிறது. படிகளின் வழியே போகும் தரவு குறைந்தால் நேரமும் குறையும்.

1. வேண்டாததை முதலிலேயே நீக்குங்கள். கீரையை ஆய்ந்த பிறகுதானே அடுப்பில் வைக்கிறோம்? 40 நிரல்களில் 5 மட்டும் தேவையென்றால், அந்த ஐந்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் படியாக இருக்கட்டும். தேவையற்ற வரிசைகளையும் அப்போதே வடிகட்டுங்கள்.

2. வரிசைப்படுத்துவதைக் கடைசியில் வையுங்கள். வடிகட்டும்போது ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து அனுப்பிவிடலாம். ஏறுவரிசையில் அடுக்க வேண்டுமானால் எல்லா வரிசைகளையும் படித்து முடித்தாக வேண்டும்.

3. இரண்டு அட்டவணைகளை 'மெர்ஜ்' செய்யுமுன் இரண்டையும் சுருக்குங்கள்.

4. கோப்புறையிலிருந்து இணைக்கும்போது, தேவையான கோப்புகளை மட்டும் வடிகட்டிவிட்டு இணையுங்கள். முடிந்தால் சி.எஸ்.வி.யாகச் சேமியுங்கள். எக்செல் கோப்பைவிட அது வேகமாகப் படிக்கப்படும்.

5. இடைநிலைக் குவெரிகளைத் தாளில் கொட்ட வேண்டாம். 'கனெக்‌ஷன் ஒன்லி' என்று வைத்தாலே போதும்.

கணினி அறிவியலில் எஸ்.கியூ.எல். படிக்கும் மாணவர்களே, இது உங்களுக்கு. தரவு ஒரு தரவுத்தளத்தில் இருந்தால், பவர் குவெரி உங்கள் படிகளை ஒரே 'செலக்ட்' கட்டளையாக மாற்றி அங்கே அனுப்பப் பார்க்கும். புள்ளி 40க்குக் கீழ் என்று நீங்கள் வடிகட்டியது அதில் 'வேர்' நிபந்தனையாகிவிடும். வேலையைத் தரவுத்தளமே செய்து, தேவையான வரிசைகளை மட்டும் திருப்பி அனுப்பும். இதற்குக் 'குவெரி ஃபோல்டிங்' என்று பெயர். எக்செல், சி.எஸ்.வி. கோப்புகளில் இது நடக்காது. முழு வேலையும் நம் கணினியின் தலையில்தான். ஒரு படியின் மீது வலப்பக்கம் சொடுக்கிப் பாருங்கள். 'வியூ நேட்டிவ் குவெரி' ஒளிர்ந்தால், அந்தப் படிவரை ஃபோல்டிங் நடக்கிறது. வரிசை எண் நிரல் சேர்ப்பது போன்ற படிகளில் இது பொதுவாக அறுந்துவிடும். ஆகவே வடிகட்டும் படிகளை அவற்றுக்கு முன்பே வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வேகத்திற்காக மாணவரைத் தொலைத்துவிடாதீங்க! புள்ளிக் கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தால், எண்ணாக மாற்றும்போது பிழை காட்டும். 'ரிமூவ் எரர்ஸ்' அழுத்தினால் அந்த மாணவரின் வரிசையே போய்விடும். சராசரி மட்டும் அழகாகத் தெரியும். அதற்குப் பதிலாக 'ரிப்ளேஸ் எரர்ஸ்' கொடுத்து, அந்த இடத்தில் 'நல்' என்ற வெற்று மதிப்பை இடுங்கள். பெயர் பட்டியலில் இருக்கும்.

மாற்றும் முன் கோப்பை நகலெடுங்கள். மாற்றிய பிறகு வரிசைகளை எண்ணுங்கள். வகுப்பில் 35 பேர் என்றால் அட்டவணையிலும் 35 பேர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்த தேர்வுக்கு முன்பே ஒருமுறை முயன்று பாருங்கள்.