இடுகுறியும் மாறாமையும்

விழாக் காணும் நம் கல்லூரிக்கு வயது யாது என வினவுவார்க்கு விடை கூற, நிகழும் ஆண்டிலிருந்து கல்லூரி தோன்றிய ஆண்டைக் கழித்தல் வேண்டும். கிறித்து ஆண்டிற் கணக்கிடுவார் உளர். அதனோடு 31 கூட்டித் திருவள்ளுவர் ஆண்டிற் கணக்கிடுவார் உளர். 78 குறைத்துச் சக ஆண்டிற் கணக்கிடுவாரும் உளர். மூவர் எழுதும் ஆண்டெண்களும் வேறு வேறாம். ஆயினும் மூவரும் கூறும் வயது ஒன்றே. இருபுறமும் கூடிய 31 கழிக்குங்கால் ஒழிந்துபோம். குறைந்த 78உம் அவ்வாறே. (விழாவெடுக்க 25, 50 என்னும் எண்களை நாடுதல் மட்டும் நம் கைவிரல் பத்தாயமையால் வந்தது. விரல் எட்டாயிருப்பின் வேறோர் ஆண்டில் விழாவெடுத்திருப்போம்.)

தமிழாசிரியராகிய எமக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நன்னூல் பயின்றோர் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்னும் பாகுபாட்டை அறிவர். மரத்தை மரம் என அழைத்தற்குக் காரணம் காட்ட இயலாது. முன்னோர் இட்டார், நாம் வழங்குகின்றோம். வேறு பெயர் இட்டிருப்பினும் அதன் நிழல் குறையாது. கணிதத்திலும் இடுகுறிகள் மலிந்துள்ளன. சுழி எங்கே, அச்சு எத்திசையில், அலகு எது என்பனவெல்லாம் நாம் இட்டவையே.

மாணவர் பலர் இடர்ப்படுவது இவ்விடத்திலேயாம். ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் கற்கப் புகுந்தவர், "உற்பத்தியை எங்கே வைப்பது?" என வினவ, "எங்கேனும் வைக்கலாம்" என விடை வரும். இவ்விடை அவர்க்கு அமைதி தருவதில்லை. எங்கேனும் வைக்கலாமெனின் விடையும் எதுவேனும் ஆகலாமன்றோ என்று அவர் உள்ளம் ஐயுறும். அவ்வையம் மிக நல்ல ஐயம். அதனை அதட்டி அடக்குதல் தவறென்பது எம் கருத்து. தேர்ந்துகொள்ளும் உரிமை ஒரு கடனோடு வருவது. எவ்வாறு தேர்ந்தாலும் முடிவு திரியாது என நிறுவுதலே அக்கடன்.

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியில் உள்ள வெள்ளாங்குளத்தில் முக்கோண வடிவான காணி ஒன்று இருப்பதாகக் கொள்க. அதன் ஒரு மூலைக்கல்லைச் சுழியாக வைத்து அளந்தார் ஒருவர். இரண்டாங் கல் கிழக்கே 40 மீற்றர். மூன்றாங் கல் கிழக்கே 10, வடக்கே 30 மீற்றர். அடி 40, உயரம் 30. ஆகவே பரப்பளவு 600 சதுர மீற்றர். அயலவரோ குளக்கட்டில் உள்ள ஒரு கல்லைச் சுழியாக வைத்தார். அவர் கணக்கில் ஒவ்வொரு மூலைக்கும் கிழக்கே 100, வடக்கே 200 கூடுகின்றது. எண்கள் யாவும் மாறின. எனினும் பரப்பளவு காணும் வாய்பாடு மூலைகளுக்கிடையேயுள்ள வேறுபாடுகளை மட்டுமே கொள்வதால், கூடியவை ஒழிந்து 600 மீளவும் வரும். மூன்றாமவர் அச்சுக்களையே சரித்து வைத்தாரெனின் வேறுபாடுகளும் மாறும். அப்போதும் பரப்பளவு மாறாது. சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடினால் ஒன்று என்னும் உண்மை அங்கே துணைவரும். ஆயின் மூலைகளை எதிர்முறையாகச் சுற்றி எண்ணினால் மறை 600 வருதல் காண்க. சுற்றும் திசை என்னும் தேர்வு ஒழியாது குறியில் எஞ்சி நிற்கின்றது. காணிக்காரர்க்கு அக்குறி வேண்டாததாகலின் அதனை நீக்கிவிடுகின்றோம். எத்தேர்வு ஒழியும், எது ஒழியாது என அறிதலே கணிதஞ் செய்வாரின் திறம்.

நாடளாவிய நில அளவையிலும் இதுவே நிகழ்கின்றது. இலங்கை நிலப்படங்களின் ஆள்கூறுகளுக்குப் பிதுருதாலகாலை மலை உச்சி அடிப்படை. அதனையே சுழியெனக் கொண்டால், வடமேற்கில் உள்ள வெள்ளாங்குளம் கிழக்கெண்ணில் மறையும் வடக்கெண்ணில் நேரும் பெறும். மறையெண்கள் பிழைக்கு இடமாகும் என்று, உச்சிக்கு இருதிசையிலும் 200,000 மீற்றர் என எண் இட்டனர். 1999 ஆம் ஆண்டு முறையில் அது 500,000 ஆயிற்று. மலை நகரவில்லை, ஊரும் நகரவில்லை. ஆனால் ஒருமுறையில் எடுத்த எண்ணை மற்றைமுறைப் படத்தில் இட்டால் இருதிசையிலும் முந்நூறு கிலோமீற்றர் தவறிவிடும்.

தேர்ந்ததைச் சொல்லாது விடுதலால் வருங் கேட்டுக்கு யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கு நல்ல சான்று. வயற் பரப்பு 12 குழி; தோட்டப் பரப்பு 18 குழி. ஆதலால் மூன்று பரப்பு வயலும் இரண்டு பரப்புத் தோட்டமும் நிலத்தளவில் ஒன்றே. இரண்டும் 36 குழி. எந்தப் பரப்பு எனக் கூறாது உறுதி எழுதினால் உடன்பிறந்தாரிடை வழக்கு மூளும். ஏக்கரில் அளந்தாலும் பேர்ச்சில் அளந்தாலும் இரு காணிகளின் விகிதம் மட்டும் மாறாது.

எம்மாற்றங்களுக்கு எது மாறாது நிற்கும் என ஆராய்வதே கேத்திரகணிதம் என்று 1872 இல் ஜேர்மானியக் கணிதர் பீலிக்சு கிளைன் வகுத்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்துமூன்று.

இடுகுறியை மாற்றிய வரலாறொன்று நம் காலத்திலேயே நிகழ்ந்தது. மின்தட்டுப்பாடு காரணமாக 1996 மே 25 இல் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒற்றோபரில் அரைமணி பின்தள்ளப்பட்டன. 2006 ஏப்பிரில் 15 இலேயே பழைய நேரம் மீண்டது. விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. ஒரு தீவில் இரு நேரம் பத்தாண்டு வழங்கிற்று. ஒன்பது மணி என்றால் எந்த ஒன்பது என வினவவேண்டியிருந்தது. மூன்று மணித்தியாலம் என்றால் எவரும் அவ்வாறு வினவவில்லை. வெள்ளாங்குளம் 80 பாகை நெடுங்கோட்டை ஒட்டியுள்ளது. நம் நேரமோ 82½ பாகைக்குரியது. பாகைக்கு நான்கு நிமிடமாக, அங்கே ஞாயிறு உச்சியடைவது சராசரியாகப் பகல் 12 மணி 10 நிமிடமளவில். 1996 இன் கோடையிற் புதிய நேரப்படி அது 1 மணி 10 நிமிடம். வயலில் நின்றவர்க்கு நிழல் எப்போதும்போலவே சுருங்கிற்று.

இயற்கை விதிகள் நேரத்தின் தொடக்கத்தை எங்கே வைக்கின்றோம் என்பதைச் சாரா. இன்று கிணற்றில் இட்ட கல் விழும் விதியே நாளை இட்ட கல்லுக்கும் விதி. இம்மாறாமையிலிருந்தே சக்தி அழியாது என்னும் காப்பு விதி பெறப்படும் என எம்மி நோதர் என்னும் அம்மையார் 1918 இல் நிறுவினார். அப்போது அவர் கற்பித்துவந்த கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், பெண்ணென்னுங் காரணத்தால், தம் பெயரில் விரிவுரை நிகழ்த்தும் உரிமை அவர்க்கு இல்லை. மறு ஆண்டே அவ்வுரிமை கிடைத்தது.