‘திருடாதே’ – மீண்டும் ஒரு முறை

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறித் தாம்பரம் செல்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்து நின்றதும் ஒரு கை கம்பியைத் தேடும். மறு கை சட்டைப் பையைப் பொத்திக்கொள்ளும். நரசிம்மப் பெருமாள் காப்பார் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. ஆயினும் சட்டைப் பை விஷயத்தில் அவருக்குச் சிரமம் கொடுக்க ஒருவரும் விரும்புவதில்லை!

சென்ற மாதம் என் வகுப்பிலேயே ஒரு களவு நேர்ந்தது. சுற்றுலாவுக்காக ஒரு மாணவன் கொண்டுவந்த 600 ரூபாய் காணாமற்போயிற்று. எடுத்தவன் இன்னான் என்பது மாலைக்குள் தெரிந்துவிட்டது. அவனைப் பள்ளியை விட்டே நீக்கச் சொல்வதா, கண்டித்து விட்டுவிடுவதா? இந்த யோசனையில் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, ‘திருடாதே’ படத்தை மீண்டும் பார்த்தேன்.

சிறு பிராயத்தில் பார்த்தபோது, எம்.ஜி.ஆர். எப்போது சண்டை போடுவார் என்பதொன்றே எனக்கு விசாரம். படத்தின் வரலாறு பிற்பாடுதான் தெரிந்தது. இதைத் தொடங்கியவர் தேசபக்தர் சின்ன அண்ணாமலை. 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மக்களே திருவாடானைச் சிறையை உடைத்து மீட்டார்களே, அவரேதான்! ‘பாக்கெட் மார்’ என்ற ஹிந்திப் படத்தின் கதை இது. 1959-இல் சீர்காழி நாடக மேடையில் எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்ததால் வேலை தடைப்பட்டது. பின்னர் ஏ.எல்.சீனிவாசன் பொறுப்பேற்க, ப.நீலகண்டன் டைரக்ஷனில் 1961-இல் படம் வெளியாயிற்று. ராஜா ராணிக் கதைகளில் வாள் சுழற்றிய கதாநாயகர் இதில் ஜேப்படித் திருடராக வந்தார்.

பறிக்கிறவனுக்குச் சட்டைப் பைதான் தெரியும், முகம் தெரியாது. உள்ளே இருப்பது மருந்துக்கான காசா, கலியாணத்துக்கான காசா என்று அவன் கேட்பதில்லை. இப்படத்தின் திருடனோ, தன்னால் சீரழிந்த குடும்பத்தை நேரில் காண்கிறான். அந்தக் கணத்திலிருந்துதான் அவன் வேறு மனிதனாகிறான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இப்படத்துக்கு எழுதிய புகழ்பெற்ற பாட்டின் கருத்தும் இதுவே: சட்டம் மட்டும் களவை ஒழித்துவிடாது, களவாடுகிறவன் மனம் திருந்தவேண்டும். பாவம், படம் வருமுன்பே, 29-ஆம் வயதில் அக்கவிஞர் மறைந்துவிட்டார்.

மறுநாள் மாலை, எடுத்த பையனை அழைத்துக்கொண்டு, பணத்தைப் பறிகொடுத்தவனின் தாயாரிடம் போனேன். அந்த அம்மாள் கோவில் வாசலில் பூக்கட்டி விற்பவர். ஒரு முழத்துக்கு என்ன மிஞ்சும் என்று விசாரித்தேன். “அஞ்சு ரூபா நின்னா பெரிசு, சார்” என்றார். பையன் பக்கம் திரும்பி, “600 ரூபாய்க்கு எத்தனை முழம்?” என்றேன். அவன் கணக்கில் கெட்டிக்காரன்; ஆனாலும் வெகு நேரம் கழித்தே, “120, சார்” என்றான்.

உடன் வந்தவன் இன்னான் என்று நான் சொல்லவில்லை. “நீயும் எம் புள்ளையோட படிக்கிறியா, தம்பி?” என்று அன்பாய்க் கேட்டார் அந்த அம்மாள். அவன் தலை நிமிரவேயில்லை.

மறுநாள் காலை 400 ரூபாய் என் மேஜைக்கு வந்தது. மீதியைச் செலவழித்துவிட்டானாம், வாரம் 20 ரூபாயாகத் தந்து வருகிறான். அவன் திருந்திவிட்டான் என்று சத்தியம் செய்ய நான் யார்? இன்னும் ஐந்து வாரம் பாக்கியிருக்கிறது.